சும்மா இருப்பது யார்?

கிளவுட் நிறுவனங்களின் ஆவணங்களை யாரும் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. ஏதாவது உடைந்தால் தேடிப் போகிறோம், ஒரு பத்தியைப் பார்க்கிறோம், ஒரு எண்ணை மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரம் இந்தப் பக்கங்களை நம்பி ஓடுகிறது. ஆனால் ஒரு சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைக்கும் விமர்சனம்கூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. லோட் பேலன்சர்களின் 'ஐடில் டைம்அவுட்' பற்றி அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்று பேரும் எழுதியிருப்பதை அருகருகே வைத்துப் படித்துப் பார்த்தேன். கூடவே இரண்டு பழைய ஆர்எஃப்சி-களையும். எண்களைவிட எனக்கு அதிகம் உறுத்தியது அந்த 'ஐடில்' என்ற சொல்.

ஐடில் என்றால் சும்மா இருப்பது. யார் சும்மா இருப்பது? லோட் பேலன்சரைக் கேட்டால், "இந்தக் கனெக்‌ஷனில் இத்தனை நொடியாக ஒரு பைட்டும் போகவில்லை, வரவில்லை. ஆகவே சும்மா கிடக்கிறது" என்று சொல்லும். கம்பியில் சத்தமில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கம்பியின் அந்தப் பக்கம் டேட்டாபேஸ் மூச்சு முட்ட ஒரு ரிப்போர்ட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது உண்மையிலேயே யாரும் எதுவும் கேட்காமல் கனெக்‌ஷன் தூங்கிக்கொண்டிருக்கலாம். நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சொல் நடுவில் நிற்கிறவனின் பார்வையில் எழுதப்பட்ட சொல். படிக்கிற நாமோ ஓரத்தில் நிற்கிறோம், சர்வர் பக்கமோ கிளையண்ட் பக்கமோ.

அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரையே எடுத்துக்கொள்வோம் (இனி ஏஎல்பி). டீபால்ட் 60 நொடி. 1 நொடியிலிருந்து 4000 நொடி வரை மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒற்றை எண் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, பொறுமை: ரெக்வஸ்ட்டை சர்வருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது. அந்த நேரத்துக்குள் ஒரு பைட்டும் வராவிட்டால் பயனருக்கு 504. இன்னொன்று, தூக்கம்: ஒரு ரெக்வஸ்ட் முடிந்தபிறகு, அடுத்ததற்கு உதவுமே என்று சர்வரோடு திறந்து வைத்திருக்கும் கனெக்‌ஷனை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது. பொறுமையும் தூக்கமும் வேறு வேறு விஷயங்கள். ரிப்போர்ட் எடுக்கிற அப்ளிகேஷனுக்குப் பொறுமை நிறைய வேண்டும், அதற்காகத் தூக்கமும் அதிகம் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இதைப் பிரித்து வைப்பது முடியாத காரியமா? ஹெச்ஏபிராக்ஸி என்ற பழைய ஓப்பன்சோர்ஸ் லோட் பேலன்சரின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாருங்கள். சர்வர் பதில் சொல்லக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பெயர். இரண்டு ரெக்வஸ்ட்டுகளுக்கு இடையில் கிளையண்ட் கனெக்‌ஷன் தூங்குகிற நேரத்துக்கு ஒரு பெயர். வெப்சாக்கெட் மாதிரி நீண்டு ஓடுகிற கனெக்‌ஷனுக்கு 'டனல்' என்று இன்னொரு பெயர். என்ஜின்எக்ஸிலும் அப்படித்தான், பதிலுக்குக் காத்திருக்க 'பிராக்ஸி ரீட் டைம்அவுட்', தூங்க 'கீப்அலைவ் டைம்அவுட்'. இந்தப் பெயர்களைப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். கிளவுடில் எல்லாம் ஒரே திருகாணி. எளிமை என்று விற்கப்படுவதில் ஒரு பகுதி இப்படிப்பட்ட சுருட்டல்தான்.

இந்தச் சுருட்டல் என்ன செய்யும் என்பதற்கு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்லலாம். மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் 90 நொடி எடுத்தது, பயனர்களுக்கு 504. உள்கட்டமைப்பு டீமில் இருந்த ஒரு பையன் ஆவணத்தைப் படித்தான், 60-ஐ 300 ஆக்கினான். 504 நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். ஓரிரு வாரம் கழித்து, அதே லோட் பேலன்சருக்குப் பின்னால் இருந்த பணம் கட்டும் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 502. பத்தாயிரத்துக்கு ஒன்று இருக்கலாம். அப்ளிகேஷன் டீம், "எங்க லாக்ல அந்த ரெக்வஸ்ட்டே இல்லீங்க" என்றது. உள்கட்டமைப்பு டீம், "லோட் பேலன்சர் நல்லாத்தான் இருக்கு, உங்க சர்வர்தான் கனெக்‌ஷனை அறுக்குது" என்றது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை! மூன்று வாரம் இழுத்தது. திட்டு வாங்கியதோ இரண்டுக்கும் நடுவில் ராத்திரி ஆன்கால் பார்த்த ஒரு ஜூனியர் பெண்.

நடந்தது இதுதான். சர்வர்களில் என்ஜின்எக்ஸ் இருந்தது. அதன் கீப்அலைவ் டைம்அவுட் டீபால்ட் 75 நொடி. லோட் பேலன்சர் 60-இல் இருந்தவரை, தூங்குகிற கனெக்‌ஷனை முதலில் மூடுவது லோட் பேலன்சர்தான். ரெக்வஸ்ட் அனுப்புவதும் அதுதான், மூடுவதும் அதுதான். அனுப்புகிறவனே மூடினால் குழப்பத்துக்கு இடமில்லை, தான் மூடிய கதவு வழியாகத் தானே போகமாட்டான். 300 ஆக்கியதும் வரிசை தலைகீழானது. இப்போது 75-ஆம் நொடியில் என்ஜின்எக்ஸ் "நான் மூடுகிறேன்" என்று ஒரு பாக்கெட் அனுப்புகிறது. அது வழியில் இருக்கும்போதே லோட் பேலன்சர், கனெக்‌ஷன் திறந்திருப்பதாக நினைத்துப் புது ரெக்வஸ்ட்டை அதில் தள்ளுகிறது. இரண்டும் எதிரெதிரே கடந்து போகின்றன. ரெக்வஸ்ட் போய்ச் சேரும் இடத்தில் கதவு மூடியாயிற்று, பதிலாக ரீசெட் வருகிறது. பயனருக்கு 502. அப்ளிகேஷன் வரைக்கும் ரெக்வஸ்ட் போகவே இல்லை என்பதால் அதன் லாகில் ஒன்றும் இருக்காது. ஏஎல்பி-யின் லாகில் மட்டும், சர்வரின் ஸ்டேட்டஸ் கோட் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு இருக்கும்.

சரி, திரும்ப ஒரு தடவை அனுப்பிவிட்டால் போச்சு என்று தோன்றும். ஒரு பக்கத்தைப் படிக்கிற ரெக்வஸ்ட் என்றால் அனுப்பலாம். பணம் கட்டுகிற ரெக்வஸ்ட்டை அனுப்ப முடியாது. ரீசெட் வந்தபோது சர்வர் அதைப் பார்க்கவே இல்லையா, இல்லை பார்த்துப் பணத்தை எடுத்தபிறகு செத்துப்போனதா என்பது நடுவில் நிற்கிறவனுக்குத் தெரியாது. எச்டிடிபி 1.1 விதிகளை எழுதியவர்கள் 1997-லேயே இந்த மோதலைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள்: சர்வர் எப்போது வேண்டுமானாலும் மூடலாம், அதே நேரத்தில் கிளையண்ட் புது ரெக்வஸ்ட்டைத் தொடங்கியிருக்கலாம், அப்போது தானாகத் திருப்பி அனுப்பக்கூடிய வகை எது, கூடாத வகை எது என்று. என்ஜின்எக்ஸ்கூட 1.9.13-க்குப் பிறகு இந்த இரண்டாம் வகையைத் தானாக அடுத்த சர்வருக்கு அனுப்புவதில்லை. ஆக, இது அறியாத பிரச்சினை இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் அறிந்த பிரச்சினை.

இப்போது ஆவணத்துக்கு வருவோம். அமேசானின் ஏஎல்பி பக்கத்தில் இதற்கான மருந்து இருக்கிறது. உங்கள் அப்ளிகேஷனின் ஐடில் டைம்அவுட்டை லோட் பேலன்சருடையதைவிடப் பெரிதாக வையுங்கள் என்று ஒரு வாக்கியம். ஏன் என்பதும் அதை ஒட்டியே சுருக்கமாக இருக்கிறது. நோயின் விவரம் பழுது பார்க்கும் பக்கத்தில் 502 என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிறது: சர்வர் ரீசெட்டோ மூடும் பாக்கெட்டோ அனுப்பியிருக்கலாம், அதன் கீப்அலைவ் நேரம் குறைவாக இருக்கிறதா பாருங்கள் என்று.  504-க்காக எண்ணைக் கூட்ட வருகிறவன் 502 பக்கத்தை ஏன் படிக்கப்போகிறான்? அந்த எண்ணைக் கூட்டுகிற பெட்டிக்குப் பக்கத்திலேயே, "இதைக் கூட்டினால் பின்னால் இருக்கும் எல்லா சர்வரிலும் கூட்ட வேண்டும்" என்று சிவப்பில் ஒரு வரி போட்டிருக்கவேண்டாமா? விதிகளை மனிதர்கள் மறப்பார்கள். அந்தப் பையன் அந்த வாக்கியத்தைப் படித்திருந்தாலும், "60-ஐவிட 75 பெரிசுதானே" என்று பழைய ஞாபகத்தில் நகர்ந்திருப்பான்.

ஆவணத்தைத் தொடாமலே வரிசை தலைகீழாகிற வழியும் உண்டு. நோட் ஜேஎஸ் கதை அப்படித்தான். பழைய பதிப்புகளில் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை நோட் 2 நிமிடம் விட்டுவைக்கும். 120 பெரிது, 60 சிறிது, எல்லாம் சுகம். 2017-இல் 8-ஆம் பதிப்பில் கீப்அலைவ் டைம்அவுட் என்று தனியாக ஒன்று வந்தது, டீபால்ட் 5 நொடி. பதிப்பை உயர்த்தியவர்கள் ஒரு வரி கோடையும் மாற்றவில்லை, லோட் பேலன்சரையும் தொடவில்லை, 502 வர ஆரம்பித்தது. பைத்தானின் ஜியூனிகார்னுக்கு இது 2 நொடி. அப்பாச்சிக்கு 5. இவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிரவுசர்களை நேராக எதிர்கொள்ளும் சர்வர் என்று நினைத்து வைத்த எண்கள் அவை. சும்மா உட்கார்ந்திருக்கும் பிரவுசருக்காக இடத்தைப் பிடித்து வைக்காதே என்பது அந்த இடத்தில் நியாயம்தான். லோட் பேலன்சருக்குப் பின்னால் அதே எண் பொருந்தாது.

ஒரு சின்ன விஷயம், இதைத் தேடுகிறவர்களுக்கு உதவலாம். ட்ராஃபிக் மிக அதிகமாக இருந்தால் இந்த 502 வராது, கனெக்‌ஷனுக்குத் தூங்க நேரமே கிடைக்காது. மிகக் குறைவாக இருந்தாலும் வராது, எல்லாம் ஒழுங்காக மூடி முடிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் வரும். குறிப்பாக, சர்வரின் டைம்அவுட் 5 நொடியாக இருந்து, யாராவது சரியாக 5 நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கும் டாஷ்போர்டு ஒன்றைத் திறந்து வைத்திருந்தால் அள்ளிக்கொண்டு வரும். லோட் டெஸ்ட்டில் பிடிபடாமல் விடிகாலை நாலு மணிக்கு வருவதன் ரகசியமும் இதுதான்.

கூகுளின் ஆவணம் இந்த இடத்தில் எவ்வளவோ மேல். அவர்கள் பொறுமையையும் தூக்கத்தையும் பிரித்துவிட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் டீபால்ட் 30 நொடி, மாற்றிக்கொள்ளலாம். சர்வரோடு தூங்கும் நேரம் 600 நொடி, மாற்ற முடியாது. உங்கள் சர்வரில் 620 வையுங்கள் என்று அப்பாச்சிக்கும் என்ஜின்எக்ஸுக்கும் பெயர் சொல்லி அட்டவணையே போட்டு, ஏன் என்ற காரணத்தையும், அந்த மோதலையும், அங்கேயே எழுதியிருக்கிறார்கள். மாற்ற முடியாத எண் என்பது குறை என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், மாற்ற முடியாது என்பதாலேயே யாரும் அதை மாற்றி வரிசையைக் கெடுக்கவும் முடியாது. ஆனால் அவர்களும் சொல்லில் சறுக்குகிறார்கள். அந்த 30 நொடி, சில வகை லோட் பேலன்சர்களில் வெப்சாக்கெட் என்றால் வேறு அர்த்தம் கொள்கிறது: பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, கனெக்‌ஷனின் மொத்த ஆயுளே அவ்வளவுதான். ஒரே பெயர், இரண்டு கடிகாரம்.

இதுவரை சொன்னது எச்டிடிபி தெரிந்த லோட் பேலன்சர்கள். அதற்குக் கீழே, டிசிபி பாக்கெட்டுகளை மட்டும் பார்க்கும் மட்டத்துக்குப் போனால் 'சும்மா' என்ற சொல் இன்னும் மோசமாகிறது. 2017-இல் வந்த அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் டிசிபி-க்கு 350 நொடி. அதை மாற்றும் வசதி 2024 செப்டம்பரில்தான் வந்தது, ஏழு வருடம் கழித்து. அவர்களுடைய நாட் கேட்வேயிலும் அதே 350. நேரம் கடந்தபின் யாராவது பேசினால், பேசியவருக்கு ஒரு ரீசெட் போகும். பேசியவருக்கு மட்டும்.

இதன் அர்த்தத்தை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். கிளையண்ட் ஒரு கடினமான க்வெரியை டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது, நடுவில் இந்த லோட் பேலன்சர். க்வெரி 400 நொடி ஓடுகிறது. அந்த 400 நொடியும் டேட்டாபேஸ் வியர்த்து வேலை செய்கிறது, கிளையண்ட் கண் கொட்டாமல் காத்திருக்கிறது. ஆனால் கம்பியில் அமைதி. 350-ஆம் நொடியில் நடுவில் இருப்பவர் இந்த உறவை மறந்துவிடுகிறார். 400-ஆம் நொடியில் டேட்டாபேஸ் பதிலைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அதன் முகத்தில் ரீசெட். கிளையண்டுக்கோ யாரும் எதுவும் சொல்லவில்லை. அது காத்துக்கொண்டே இருக்கிறது. கீப்அலைவ் போட்டிருந்தால் லினக்ஸின் டீபால்ட்படி 7200 நொடிக்குப் பிறகு விழித்துப் பார்க்கும். போடாவிட்டால், புராசஸைக் கொல்லும்வரை. இதில் யார் சும்மா இருந்தது?

இந்த 7200 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1989-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1122. கீப்அலைவ் என்பது டீபால்ட்டாக அணைந்திருக்க வேண்டும், போட்டாலும் டீபால்ட் இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று அது கட்டளை போடுகிறது. டிசிபி-யைப் பொறுத்தவரை பேசாமல் இருப்பது குற்றமே இல்லை. இரண்டு முனைகளும் உயிரோடு இருந்தால் ஒரு கனெக்‌ஷன் நாள் கணக்கில் மௌனமாக இருக்கலாம். பிறகு நாட் பெட்டிகள் நடுவில் வந்தபோது, 2008-இல் ஆர்எஃப்சி 5382 இந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் பார்த்தது. முழுமையாகத் திறந்த டிசிபி கனெக்‌ஷனை, சும்மா இருக்கிறது என்பதற்காக நாட் பெட்டி 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் கீப்அலைவ் தப்பிப் பிழைக்கவேண்டும் என்ற கணக்கு. லினக்ஸின் சொந்த கனெக்‌ஷன் டிராக்கிங்கின் டீபால்ட்டோ 5 நாள்.

இந்தப் பின்னணியில் 350 நொடியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் லோட் பேலன்சரில் டீபால்ட் 4 நிமிடம். 2 மணி 4 நிமிடத்தில் இரண்டு மணியை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்களோ என்று வேடிக்கையாகத் தோன்றும், தற்செயல்தான். லோட் பேலன்சர் என்பது நாட் இல்லை, அந்த விதி எங்களுக்குப் பொருந்தாது என்று வாதாடலாம். நாட் கேட்வே என்று பெயரே வைத்திருக்கும் ஒன்றுக்கு அந்த வாதம் எடுபடாது.

அஷ்யூரில் நேரத்தைவிடப் பெரிய விஷயம் மௌனம். டீபால்ட் நடத்தை, கனெக்‌ஷனை ஓசையில்லாமல் மறப்பது. பிறகு பேசினாலும் ரீசெட்கூட வராது, பாக்கெட் கிணற்றில் போட்ட கல். லினக்ஸ் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். 15 தடவை என்ற டீபால்ட்டோடு, கைவிட்டு அப்ளிகேஷனுக்குப் பிழை சொல்ல குறைந்தது 924.6 நொடி ஆகும். கிட்டத்தட்ட கால் மணி நேரம் அந்த த்ரெட் அப்படியே நிற்கும். ஸ்டாண்டர்டு வகையில் ரீசெட் அனுப்பும் வசதி பின்னால் வந்தது, ஆனால் நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நேரம் கடந்தால் செஷன் தொடரும் என்று உத்தரவாதம் இல்லை என்ற தொனியில் ஆவணம் பேசுகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு, வீடு இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லையே என்று சொல்கிற தொனி.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் நடுவில் ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும், அது மெமரி. ரயிலில் போகிறவரின் மொபைல் சிக்னல் போனால் விடைபெறும் பாக்கெட் எதுவும் வராது, அந்தப் பதிவை இரண்டு மணி நேரம் வைத்திருப்பது வீண். லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரே கருவியை நடத்துகிறவர்கள் ஏதோ ஒரு நேரத்தில் துடைத்துத்தான் ஆக வேண்டும். என் சண்டை துடைப்பதோடு இல்லை. துடைத்ததை இரண்டு பக்கமும் சொல்லவேண்டும் என்பதோடு. 'ஐடில்' என்று பெயர் வைத்து, தவறு ஓரத்தில் இருப்பவனுடையது என்ற தோற்றத்தை உண்டாக்குவதோடு.

நடைமுறையில், 504-க்காக எண்ணைக் கூட்டும் முன் அந்த 90 நொடி வேலையை ரெக்வஸ்ட்டிலிருந்து வெளியே எடுக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. வாங்கிக்கொண்டோம் என்று உடனே 202 சொல்லிவிட்டு, பின்னணியில் ஓட்டி, முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பின்னால் இருக்கிற சர்வர்களில் முதலில் கூட்டிவிட்டு, அது எல்லா இடத்திலும் ஏறியபிறகு லோட் பேலன்சரில் கூட்ட வேண்டும். குறைக்கும்போது எதிர்வரிசை. பணம் கட்டும் ரெக்வஸ்ட்டில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாள எண்ணை கிளையண்ட்டே போட்டு அனுப்பினால், 502 வந்தாலும் பயமில்லாமல் அதே எண்ணோடு திருப்பி அனுப்பலாம்.

கீழ் மட்டத்தில் கீப்அலைவ்தான் வழி. கெர்னலில் 7200-ஐ 200 என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த எண், கீப்அலைவ் வேண்டும் என்று கேட்ட சாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் செல்லும். அப்ளிகேஷனோ அதன் டேட்டாபேஸ் டிரைவரோ அதைக் கேட்டிருக்கிறதா என்று பார்க்க, லினக்ஸில் 'எஸ்எஸ்' கட்டளையை டைமர் காட்டும் தேர்வோடு ஓட்டினால் போதும், ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் எதிரே கீப்அலைவ் கடிகாரம் ஓடுவது தெரியும். ஏஎல்பி-க்கு இந்த வைத்தியம் பலிக்காது. கீப்அலைவ் பாக்கெட்டுக்குள் சரக்கு இல்லை, ஏஎல்பி-க்குக் குறைந்தது ஒரு பைட்டாவது உண்மையான டேட்டா போகவேண்டும். வெப்சாக்கெட் என்றால் 30 நொடிக்கு ஒரு பிங் போதும்.